அக்கரைக்கு ஏறிய போதை

நெல்லிப்பாறையில் சாராயத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. அது அரசாங்கம் போட்ட சட்டம் இல்லை. அரசாங்கத்தின் சட்டம் மலையேறும்போதே மூச்சு வாங்கிப் பாதி வழியில் உட்கார்ந்துவிடும். இது மலைக்காரர்கள் தாங்களே போட்டுக்கொண்ட சட்டம்: காய்ச்சினவள்தான் முதல் வாய் குடிக்க வேண்டும், ஊர் பார்க்கக் குடிக்க வேண்டும், குடித்து அவள் மூக்கு நுனி சிவந்து, பேச்சு கொஞ்சம் குழைந்து, உட்கார்ந்த இடத்திலேயே உடம்பு ஒரு ஆட்டம் ஆடி, ஊர்க்கவுண்டர் அதைப் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் மற்றவர்கள் இலைத்தொன்னையை நீட்ட வேண்டும். ஏறவில்லை என்றால் ஊறலில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். பானையோடு கொண்டுபோய்ப் பள்ளத்தில் கவிழ்த்துவிட வேண்டும். நாலு தலைமுறையாக நெல்லிப்பாறையில் சாராயம் குடித்துக் கண் அவிந்தவன் ஒருத்தன்கூட இல்லை என்றால் அதற்குக் காரணம் சாமியும் இல்லை, சத்தியமும் இல்லை, இந்தச் சட்டம்தான்.

அந்த முதல் வாயைப் பல வருஷமாகக் குடித்து வந்தவள் சடச்சி. நாற்பத்தாறு வயது, கட்டை உருவம், நெட்டைக் குரல். தனி ஆள், தனி வீடு, இரண்டு ஆடு, ஒரு எருமை. தன் கைச் சரக்கைப் பற்றி அவளுக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை. பங்குனியில் இலுப்பைப் பூ, அதோடு ஒரு கை களாப்பழம், இரண்டு கை ஈச்சம்பழம், நன்னாரி வேர் விரல் நீளம், வெள்வேலம்பட்டை ஒரு முழம் என்று எல்லாவற்றையும் காட்டில் தன் கையாலேயே பொறுக்கி வந்துதான் ஊறல் போடுவாள். கடையில் வெல்லம் வாங்கிப் போட்டுக் காய்ச்சுகிறவர்களை அவள் மனுஷக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஒரு தடவைக்குக் குடம் போலப் பெரிய சொம்பில் மூன்று, அதற்கு மேல் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. "மூணு சொம்புக்கு மேல ஆசப்பட்டா அடுப்பு கோவிச்சுக்கும்" என்பாள்.

அடுப்பு கோபித்துக்கொள்கிறதோ இல்லையோ, சடச்சியால் அவ்வளவுதான் முடியும் என்பது ஊருக்குத் தெரியும். காய்ச்சுவது இரண்டு ஆள் வேலை. ஊறல் பானை அடுப்பில் கொதிக்கும், அதன் வாயில் இன்னொரு பானை உட்கார்ந்திருக்கும், அதற்கும் மேலே குளிர்ந்த தண்ணீர்ச் சட்டி இருக்கும். ஆவி ஏறிப்போய்ச் சட்டியின் அடிவயிற்றில் முட்டி, குளிர்ந்து, சொட்டாகி, மூங்கில் குழாய் வழியே சொம்புக்கு இறங்கும். ஒருத்தி நெருப்பைப் பார்க்க வேண்டும், ஒருத்தி மேல்தண்ணீர் சூடாகச் சூடாக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பதினொரு வருஷமாகச் சடச்சி ஒருத்தியே நெருப்புக்கும் தண்ணீருக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தாள்.

அந்த இன்னொருத்தி அவள் தங்கை வெள்ளச்சி. ஆறு வயது இளையவள். ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அத்திக்குழியில் சின்னாண்டி என்பவனுக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள், அப்படியும் ஒவ்வொரு பங்குனியிலும் ஓடையைத் தாண்டி வந்து அக்காவோடு சேர்ந்து காய்ச்சிவிட்டுப் போவாள். அதெல்லாம் வெள்ளம் வருகிற வரைக்கும்தான். ஒரு ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை கொட்டி, ஓடை தன் பழைய தடத்தை விட்டுவிட்டுப் புதுத்தடம் போட்டுக்கொண்டு போக, நெல்லிப்பாறைப் பக்கம் நின்றிருந்த பெரிய இலுப்பை மரம் விடிந்து பார்த்தால் அத்திக்குழிப் பக்கம் நின்றது. மரம் நகரவில்லை, ஓடைதான் நகர்ந்தது. ஆனால் எது நகர்ந்தால் என்ன, சண்டைக்கு அது போதாதா? இரண்டு ஊரும் மரத்தடியில் கூடி மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் ஓடை நடுவைக் கோடாக வைத்து, இந்தப் பக்கம் விழுகிற பூ இவர்களுக்கு, அந்தப் பக்கம் விழுகிற பூ அவர்களுக்கு என்று தீர்த்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் யாரோ ஒரு கிழவர் வெள்ளச்சியைப் பார்த்து, "நீ ரெண்டு ஊருக்கும் பொண்ணு, நீயே சொல்லு தாயி, மரம் யாருது?" என்று கேட்டுவைத்தார். மாமியார் ஒரு பக்கம், புருஷன் ஒரு பக்கம், இடுப்பில் பிள்ளை. வெள்ளச்சி தலையைக் குனிந்துகொண்டு, "இப்ப ஓடைக்கு இந்தாண்ட தானே நிக்குது, எங்களுதுதான்" என்றாள். சடச்சிக்கு அந்த ஒரு சொல் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. கீழே கிடந்த துரும்பை எடுத்தாள், அத்தனை பேர் பார்க்க இரண்டாகக் கிள்ளிப் போட்டாள். "இன்னியோட உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்லடி. பேசறது என்ன, உன்னை நெனைக்கக்கூட மாட்டேன்" என்றாள். வெள்ளச்சியும் சும்மா இருக்கவில்லை, "நீ காய்ச்சின சாராயத்த இனி என் நாக்குல வெச்சா நான் எங்கப்பனுக்குப் பொறக்கல" என்றாள். இரண்டு பேருக்கும் அப்பன் ஒருத்தன்தான் என்பது இரண்டு பேருக்குமே அப்போது ஞாபகம் இல்லை.

பதினொரு வருஷம் போனது. இந்தப் பங்குனியில் ஓடை முழுசாக வற்றி மணலாகிக் கிடந்தது. இலுப்பைப் பூ விடியற்காலையில்தான் உதிரும். பொறுக்குகிறவர்கள் முந்தின சாயங்காலமே மரத்தடியைக் கூட்டிப் பெருக்கி வைப்பார்கள், பூவில் மண் ஒட்டாமல் இருக்க. தன் பாதியைச் சடச்சி கூட்டியிருந்தாள், அந்தப் பாதியை அத்திக்குழிப் பெண்கள் கூட்டியிருந்தார்கள். அன்றைக்குக் காற்று அடித்த அடியில் அந்தப் பக்கத்துப் பூவெல்லாம் இந்தப் பக்கம் உருண்டு, இந்தப் பக்கத்துப் பூ அந்தப் பக்கம் போய், மணலில் கோடும் இல்லை, தண்ணீரும் இல்லை, எது யாருடையது என்று பூவைத்தான் கேட்க வேண்டும். காற்றுக்குப் பஞ்சாயத்து தெரியுமா என்ன? சடச்சி இரண்டு பக்கமும் பார்த்தாள், ஆள் இல்லை. கூடை நிறைய வாரிக்கொண்டு வந்து ஊறல் போட்டுவிட்டாள்.

பின்னால் நடந்ததற்கெல்லாம் இந்தக் கலப்படம்தான் காரணம் என்று சிலர் சொன்னார்கள், வேலம்பட்டையில் மின்னல் விழுந்திருக்கும் என்று சிலர் சொன்னார்கள். காரணத்தைத் தோண்டி எடுத்து என்ன செய்வது, நடந்ததைச் சொல்கிறேன்.

சித்திரை முதல் வெள்ளி, காளியாயி நோன்பு. கோயில் முன்னால் ஊர் முழுக்க உட்கார்ந்திருக்க, சடச்சி சொம்பைக் கொண்டுவந்து வைத்து, முதல் சொட்டை மண்ணுக்கு விட்டு, ஒரு தொன்னை நிறைய ஊற்றி ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தாள். நல்ல சரக்குதான், தொண்டையில் இறங்கும்போது இனிப்பு, வயிற்றுக்குப் போனதும் கனல். ஊர் அவள் மூக்கையே பார்த்தது. மூக்கு கருப்பாகவே இருந்தது. சாமிக்குப் பொங்கல் வெந்து முடிந்தது, மூக்கு சிவக்கவில்லை. கிடா வெட்டி, தோலுரித்து, கறி அடுப்பேறிவிட்டது, மூக்கு சிவக்கவில்லை. ஊர்க்கவுண்டர் செங்காடன் இரண்டு தடவை குனிந்து பார்த்துவிட்டு, "என்ன சடச்சி, ஒண்ணுமே தெரியலயா?" என்றார்.

"தெரியல கவுண்டரே. மோர் குடிச்சாப்ல இருக்குது."

ஊருக்குள் ஒரு பெருமூச்சு புறப்பட்டது. நோன்பு அதுவுமாகப் பானையைக் கவிழ்ப்பதா? அப்போதுதான் ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பாட்டு வந்தது. பெண் குரல், காலை பத்து மணி வெயிலில் இழுத்துப் பாடுகிற குரல். எல்லோரும் எழுந்து மேட்டில் நின்று பார்த்தார்கள். அத்திக்குழிச் சாமைக்கொல்லையின் நடுவில் வெள்ளச்சி தலையில் தண்ணீர்க்குடத்தோடு ஆடிக்கொண்டிருந்தாள். பதினொரு வருஷமாகச் சாராயத்தைத் தொடாதவள், மாமியார் முன்னால் சத்தம் போட்டுத் தும்மாதவள், ஒரு கையால் குடத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு கையை வீசி வீசி ஆடினாள், குடத்துத் தண்ணீர் தளும்பி அவள் தலையெல்லாம் வழிந்தது, அவள் சிரித்த சிரிப்பு ஓடையைத் தாண்டி வந்தது. அவள் மூக்கு இங்கிருந்து தெரியவில்லை. ஆனால் பார்க்காமலே எல்லோருக்கும் நிறம் தெரிந்துவிட்டது.

செங்காடக் கவுண்டர் அந்தப் பக்கம் பார்த்தார், சடச்சியைப் பார்த்தார், மீசையைத் தடவினார். "தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்னு சொல்லுவாங்க. நெசமாவே ஆடுதே!" என்றார். பிறகு தீர்ப்புச் சொல்லும் குரலில், "காய்ச்சினவ குடிச்சா ஏறணும், அதான் சட்டம். யாருக்கு ஏறணும்னு சட்டத்துல இல்ல. ஏறியாச்சு. ஊத்துங்க" என்றார்.

ஊற்றினார்கள். நாற்பது வீட்டுக்காரர்கள் குடித்தார்கள். குடித்துவிட்டு, பேருந்துக்குக் காத்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அத்திக்குழிதான் ஆடியது. பதினொரு வருஷமாக நெல்லிப்பாறையில் நாலு பேர் தொன்னையைக் கையில் எடுத்தால் முதலில் வருகிற பேச்சு, 'ஓடைக்கு அந்தாண்ட இருக்கானுங்களே' என்பதுதான். ஒவ்வொருவனும் தன் தன் எதிரியை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டே குடிக்க, அந்தப் போதையெல்லாம் பொட்டுச் சிந்தாமல் எதிரிகளுக்கே போய்ச் சேர்ந்தது. தொப்பளான் என்றொருவன், ஓடையைத் தாண்டி நீண்ட தன் பலாக்கிளையை வெட்டிவிட்டான் என்று அத்திக்குழி ஆண்டியப்பனை நாள் தவறாமல் திட்டுகிறவன், அன்றைக்கு மூன்று தொன்னை குடித்து மூன்று தடவையும் அவனையே நினைத்தான். பிறந்ததிலிருந்து சிரித்தே அறியாத ஆண்டியப்பன் கூரைமேல் ஏறி நின்றுகொண்டு சூரியனை 'வா மச்சான்' என்று கூப்பிட்டான்.

இரண்டாவது காய்ச்சலுக்குள் விஷயம் ஊருக்குப் பிடிபட்டுவிட்டது: குடிப்பது ஒருவர், ஏறுவது அவர் நினைக்கிறவருக்கு. பிடிபட்டதும் யாரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை, ஆளாளுக்குத் தங்கள் சௌகரியத்தைப் பார்த்தார்கள். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிற ராசக்கா ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துத்தான் குடித்தாள், வேலை நாளில் தையல் மெஷினில் கையை விட்டுவிடக் கூடாதே என்று. மகன் அங்கிருந்து போன் போட்டு, "அம்மா, இன்னிக்கு என்னை நெனச்சியா?" என்று குழறிக் குழறிக் கேட்டான், வருஷத்துக்கு இரண்டு தடவை பேசுகிறவன் வாராவாரம் பேசினான். பெண்டாட்டியைப் பறிகொடுத்த ஒருவர் அவளை நினைத்து ஒரு வாய் குடித்தார். புதைகாட்டில் அவள் தலைமாட்டிலிருந்த ஆவாரஞ்செடி காற்றே இல்லாமல் கொஞ்ச நேரம் ஆடியது, அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார். சின்னப் பிள்ளைக்காரிகள் குடிக்கக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டார்கள். அது தேவைப்படவே இல்லை, பிள்ளைகள் எந்நேரமும் காலடியிலேயே கிடந்து கத்தியதால் அவர்களைத் தனியாக நினைக்கிற நிலைமை யாருக்கும் வரவில்லை.

வருஷா வருஷம் வருகிற மாதிரி மூன்று போலீஸ்காரர்களும் வந்தார்கள். சரக்கைப் பிடித்தார்கள், சோதனைக்கென்று ஆளுக்கு ஒரு வாய் குடித்தார்கள், ஒன்றும் ஏறாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, 'பழச்சாறு' என்று எழுதிக்கொண்டு இறங்கிப் போனார்கள். அதே சாயங்காலம் தென்காசிப் பக்கம் ஒரு வீட்டில், மூன்று மாசமாகப் புருஷனுக்கு லீவு கிடைக்கவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்திருந்த ஒருத்தி, தோசைக்கரண்டியைப் பிடித்துக்கொண்டு காரணமில்லாமல் சிரித்தாளாம். போலீஸ்காரர்களில் இளையவர் அடுத்த வாரமே தனியாக மலையேறி வந்து, "இன்னும் கொஞ்சம் சோதனை பண்ணணும்" என்றார்.

அத்திக்குழிக்காரர்கள் முதலில் பயந்தார்கள், செய்வினை என்றார்கள், கோழி அறுத்தார்கள். இரண்டு வாரத்தில் பழகிவிட்டது. செலவில்லை, தலைவலியில்லை, குடித்த நாற்றம்கூட இல்லை. சாயங்காலமானால் கரையில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். இந்தப் பக்கம் கொஞ்சம் தாமதமானால், "என்னப்பா, இன்னிக்கு இன்னும் குடிக்கலயா?" என்று குரல் கொடுக்கவும் தொடங்கினார்கள். நெல்லிப்பாறைக்கு வயிறு எரிந்தது. காட்டில் அலைந்து பொறுக்குவது இவர்கள், காய்ச்சுவது இவர்கள், ஆட்டம் அவர்களுக்கா? தொப்பளான் தன்னையே நினைத்துக்கொண்டு குடித்துப் பார்த்தான். ஆனால் ஒரு மனுஷன் தன்னை நினைக்க ஆரம்பித்தால் இரண்டு மூச்சுக்குள் தனக்குக் கெடுதல் பண்ணினவன்தான் நினைவுக்கு வருகிறான். ஆண்டியப்பன் மறுபடியும் கூரையேறினான். "அவனைத் திட்டவும் முடியல, திட்டாம இருக்கவும் முடியல" என்று தொப்பளான் அழாத குறையாகச் சொன்னான்.

இந்தக் கூத்தில் ஒருத்தி மட்டும் மாட்டிக்கொண்டு முழித்தாள். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் சட்டப்படி முதல் வாய் சடச்சியுடையது, ஒவ்வொரு முதல் வாய்க்கும் அக்கரையில் வெள்ளச்சி ஆடினாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? "நெனைக்கவே மாட்டேன்னு துரும்பு கிள்ளினியே சடச்சி, அந்தத் துரும்பு எங்க போச்சு?" என்று கேட்டார்கள். "யாரு நெனச்சது? பூ அந்தப் பக்கத்துப் பூ, அது தன் ஊருக்குப் போகுது" என்று ஒரேயடியாகச் சாதித்தாள். அடுத்த தடவை கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, மேய்ச்சலுக்குப் போயிருந்த தன் எருமையைப் பிடிவாதமாக நினைத்துக் குடித்தாள். எருமை குட்டையில் இறங்கிப் பாதிப் பொழுது மல்லாந்து கிடந்தது உண்மைதான். ஆனால் வெள்ளச்சியும் பாதி ஆட்டம் ஆடிவிட்டாள்.

ஊர் சிரித்தது, சடச்சியும் கூடவே சிரித்துவைத்தாள். உள்ளுக்குள் அவளுக்கு வேறொன்று அரித்துக்கொண்டிருந்தது. தன் மனசுதான் அம்பலத்துக்கு வந்துவிட்டது, போகட்டும். தங்கை மனசில் என்ன இருக்கிறது? இந்தப் பதினொரு வருஷத்தில் ஒரு நாளாவது, ஒரு வேலைக்கு நடுவிலாவது, 'அக்கா என்ன பண்ணுவாளோ' என்று அவள் நினைத்திருப்பாளா? அது தெரிய வேண்டுமென்றால் அவள் இந்தச் சாராயத்தைக் குடிக்க வேண்டும். அவளோ அப்பன் மேல் சத்தியம் பண்ணினவள். அக்கரையில் பாட்டுக் கேட்கும்போதெல்லாம் சடச்சி தன் கால்களைப் பார்த்துக்கொண்டாள். அவை ஒரு தடவையும் ஆடவில்லை. நாற்பத்தாறு வயசில் தன்னை நினைக்க இந்த உலகத்தில் ஒரு சீவன் இல்லையோ என்று அவளுக்குத் தோன்றியது.

ஐந்தாவது காய்ச்சல். சடச்சி முதல் வாய் குடித்து, அக்கரையில் பாட்டுக் கிளம்பி, ஊர் தொன்னைகளை நீட்டிக்கொண்டிருந்தபோது பாட்டு கரையிலிருந்து இறங்கி மணலுக்கு வந்தது. பாட்டோடு வெள்ளச்சியும் வந்தாள். தலைமயிர் அவிழ்ந்து, கையில் களைக்கொத்து, முழுப்போதையில் இந்தக் காலை அந்தக் கால் இடற, பதினொரு வருஷமாகத் தாண்டாத ஓடையைத் தாண்டி வந்து அடுப்புக்கு முன்னால் நின்றாள். அத்திக்குழியில் பாதி ஊர் அவள் பின்னால் கரையில் நின்றது. நெல்லிப்பாறை வழிவிட்டது. நின்று, மூச்சு வாங்கி, போதை முழுக்கத் தெளிந்து மூக்கு பழைய நிறத்துக்குத் திரும்புகிற வரைக்கும் அக்காவை முறைத்தாள்.

"உனக்கு வெக்கமா இல்ல? களை வெட்டறப்ப ஆட வெக்கற, தண்ணி தூக்கறப்ப ஆட வெக்கற. போன தடவை எங்க மாமியாளப் புடிச்சு முத்தம் குடுத்துட்டேன். அந்தப் பொம்பள பயந்துபோயி இன்னும் சரியாச் சோறு திங்கல. இனிமே காய்ச்சாத."

"காய்ச்சறது என் தொழிலு. உனக்கு ஏறுனா நான் என்ன பண்றது?"

"என்னை நெனைக்காம குடி."

 சடச்சிக்கு வாய்வரை வந்தது ஒரு வசவு, வெளியே வந்தது வேறு. "நானாவது நெனைக்கறேன். ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. நீ நெனைக்கறியா? ஒரே ஒரு வாய் குடி. எனக்கு ஏறுதான்னு பாப்போம். ஏறலன்னா இந்த அடுப்புல தண்ணிய ஊத்திட்டு, பானைய ஒடச்சுட்டு நான் இனி ஆடு மேய்ச்சுக்கறேன்."

"நான் சத்தியம் பண்ணியிருக்கேன்."

"நானும்தான்டி துரும்பு கிள்ளினேன். என்னாச்சு?"

 வெள்ளச்சி களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு அக்காவுக்கு நேர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து கையை நீட்டினாள். சடச்சி தொன்னை நிறைய ஊற்றிக் கொடுத்தாள். வெள்ளச்சி அக்கா முகத்தைப் பார்த்தபடியே, கண்ணை எடுக்காமல், சின்ன வயசில் கஷாயம் குடிக்கிற மாதிரி மடக் மடக்கென்று குடித்து முடித்தாள்.

இரண்டு ஊரும் சடச்சியின் மூக்கைப் பார்த்தது. செங்காடக் கவுண்டர் மண்டி போட்டு உட்கார்ந்தே பார்த்தார். சடச்சி கையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் காத்திருந்தாள், கால்விரல் ஒன்று துடித்தாலும் போதும் என்று இருந்தது அவளுக்கு. அடுப்பில் ஒரு கட்டை எரிந்து முடிந்தது. இரண்டாவது கட்டையும் எரிந்து முடிந்தது. தலை தெளிவாக இருந்தது, அத்தனை தெளிவாகத் தன் தலை இருந்து அவள் பார்த்ததே இல்லை, ஒவ்வொரு முகமும் ஒவ்வொரு இலையும் தனித்தனியாகத் தெரிந்தது. கவுண்டர் மெதுவாக எழுந்து, அவளைப் பார்க்க மாட்டாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். யாரோ ஒருத்தி 'ச்சொ' என்றாள். சடச்சி எழுந்தாள். மேல்சட்டியைத் தண்ணீரோடு இரண்டு கையாலும் தூக்கினாள். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைத்துக்கொள்ளக் கை இல்லை, அது பாட்டுக்கு வழிந்தது.

"எதுக்குக்கா அணைக்கற? நல்லாத்தானே எரியுது" என்றது ஒரு குழைந்த குரல்.

சடச்சி திரும்பினாள். வெள்ளச்சி உட்கார்ந்த இடத்திலேயே ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாள், ஒரு கையை மண்ணில் ஊன்றி, இன்னொரு கையால் தன் முகத்தைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டு. அவள் மூக்கு நுனி மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தது. அந்தப் பங்குனியிலிருந்து அன்றுவரை, தான் குடித்த சாராயம் தனக்கே ஏறின முதல் ஆள் அவள்தான்.

"உனக்கா ஏறியிருக்கு? அப்ப நீ என்னை நெனைக்கலடி" என்றாள் சடச்சி. 

"உன்னை எப்படிக்கா நெனைக்கறது? எதுத்தாப்ல உக்காந்திருக்கியே!" வெள்ளச்சிக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு அழுகையும் வந்தது, இரண்டையும் அவள் பிரித்துப் பார்க்கவில்லை. "இல்லாதவங்களைத்தான நெனைக்கறது? பதினொரு வருசமா நெனச்சு நெனச்சுத் தேஞ்சுபோனேன். இன்னிக்கு ஒருநாள்தான் எனக்கு அந்த வேலை இல்ல. அதான் எல்லாம் எனக்கே ஏறிருச்சு."

ஊர் அதைக் கேட்டது. கேட்ட ஊருக்குப் புரிய ஒரு விநாடி பிடித்தது. முதலில் புரிந்துகொண்டவன் தொப்பளான். கையில் இருந்த தொன்னையைச் சிந்தாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஓடையில் இறங்கி ஓடினான். "டேய் ஆண்டியப்பா! எங்கடா இருக்க? வாடா, வந்து என் எதுத்தாப்ல ஒரு நிமிசம் உக்காருடா, உன் கால்ல வேணா விழுவறேன். ரெண்டு மாசமாக் குடிக்கறேன்டா, எனக்கு ஒரு தடவையாச்சும் ஏறணும்டா!" அவன் பின்னால் ஒருவர், அவர் பின்னால் இருவர் என்று நெல்லிப்பாறை முழுக்கத் தொன்னையும் கையுமாக மணலில் இறங்கியது, தன் தன் எதிரியைப் பெயர் சொல்லித் தேடிக்கொண்டு. அத்திக்குழிக்காரர்களும் மரியாதை தெரிந்தவர்கள், இத்தனை நாள் ஓசியில் ஆடியவர்கள், பாய் கொண்டுவந்து விரித்து எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஆண்டியப்பன் தன் வீட்டுப் பலாப்பழத்தை வெட்டி வைத்துவிட்டு, "குடிடா, நான் எங்கியும் போகல" என்றான்.

அடுப்படியில் இரண்டு பேர்தான் மிச்சம். சடச்சி சட்டியை இறக்கி வைத்தாள். சொம்பில் இருந்ததை ஊற்றி, தங்கைக்கு எதிரே முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்து, அவள் கலைந்த தலையையும், காதோரம் புதிதாக வந்திருந்த நரையையும், பதினொரு வருஷத்தில் தான் பார்க்காமல் விட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே குடித்தாள். இனிப்பு இறங்கியது, கனல் இறங்கியது, பிறகு அந்தக் கனல் எங்கேயும் போகாமல் அவளுக்குள்ளேயே திரும்பி மேலே ஏறத் தொடங்கியது. காது சூடானது. கால் பெருவிரல் தானாக ஆடியது.

"உன்னை நெனைக்காத நாளே இல்லடி" என்றாள் சடச்சி, குழறிக்கொண்டு.

"தெரியும்க்கா" என்றாள் வெள்ளச்சி. "எனக்குத்தானே தலை சுத்துச்சு."